ஊக்கு கழற்றிய துணிகள்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதி மருந்து. என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சித்தி வீட்டில் தங்கிவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன், ஊசி நூல் பக்கம் இப்போதைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல சேதி இதோடு சரி.

வந்து தையல் அறையைத் திறந்தால் ஒரு துண்டும் நான் வைத்த இடத்தில் இல்லை. பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைக்க ஆரம்பித்து நான் பாதியில் போட்ட ஒட்டுப்போர்வைகள் எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும், கட்டிலுக்கு அடியில் ஒன்று, மெஷின் மேல் ஒன்று, தலையணை உறைக்குள் ஒன்று. பார்க்கிறவர்களுக்குக் குப்பை, ஆனால் எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று வரிசை வரிசையாக அடுக்கி ஊக்கு குத்தி வைத்திருந்தேன். உன் அப்பாதான் காலமெல்லாம் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷன் ஆயிற்றே, நான் இல்லாத நேரம் பார்த்து அறையை ஒழுங்கு பண்ணியிருக்கிறார். துருப்பிடித்துக் கறையாகும் என்று ஊக்கு அத்தனையையும் கழற்றி, எல்லாப் போர்வைத் துண்டுகளையும் ஒன்றாகக் கொட்டி, நட்டு போல்ட்டைப் பிரிக்கிற மாதிரி அளவு வாரியாகப் பிரித்து, மூடி போட்ட டப்பாக்களில் வைத்துச் சீட்டும் ஒட்டிவிட்டார். பெரிய சதுரம், சின்னச் சதுரம், முக்கோணம், இதர. உன் சின்ன வயசுக் கவுன்களை வெட்டிச் சின்னவனுக்காக ஆரம்பித்தேனே, அந்தப் போர்வை சதுரத்தில் பாதி, 'இதர'வில் பாதி.

எனக்கு வந்ததே கோபம். இதென்ன உங்க ஸ்க்ரூ டப்பாவா, என் உயிரையே பிரிச்சுக் கொட்டிட்டீங்களே என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். உனக்குக் கண்ணு சரியானதும் நீ தேடாம எடுத்துத் தைப்பேன்னு நெனச்சேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனவர், அன்றிலிருந்து அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் வாசலோடு நின்றுவிடுகிறார்.

பிறகு உட்கார்ந்து உன் கவுன் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டாய், எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று எனக்கே நினைவில்லை. அவர் கலைத்துவிட்டார் என்று குதித்தேனே, அதை நான் தொட்டே எத்தனை காலம் ஆயிற்று! தொட்டிலுக்கு அளவெடுத்து வெட்டியது, சின்னவன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது நான், பழியைத் தூக்கிப் போட்டது அந்த மனுஷன் தலையில். தப்பாப் பேசிட்டேன் என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் கூட இருந்தும் இதைச் சொல்லப் பழகவில்லை பார், அதுதான் மனசை அறுக்கிறது.

டாக்டர் சரி என்றதும் அப்பா அடுக்கின வரிசையிலேயே தைக்கப் போகிறேன். இது என்ன டிசைன் என்று நீ கேட்கக்கூடாது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் சின்னவனைப் படுக்கவைத்துத் தலை முதல் கால் வரை டேப்பால் அள. அந்த அளவை எனக்கு எழுதாதே, போனில் அப்பாவிடம் சொல். என்னிடம் அதைச் சொல்லவாவது அவர் உள்ளே வரட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா