இரண்டு படலை வீடு

என் பிரியமான மாமிக்கு,

உங்களுக்கு நான் ஒருபோதும் கடிதம் எழுதியதில்லை. பதினைந்து நிமிட நடைத் தூரத்தில் இருந்தவருக்கு எதற்குக் கடிதம்? சனிக்கிழமை காலையில் உங்கள் குசினிக்குள் வந்து நின்றால் போதும். தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, "சொல்லும்" என்பீர்கள். சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லாமலே நான் திரும்பிப் போவேன். அந்த மிச்சப் பாதிதான் இது.

முதலில் புதினங்கள். ஊருக்குள் திரியும் மான்களில், உங்கள் வீட்டுப் பின் படலையடியில் வாழைப்பழத் தோலுக்கு வந்து நிற்பது இப்போது குட்டியோடு வருகிறது. குளியலறைக் குழாய் ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை. உங்கள் பேத்தி நிலானிக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடப் பரீட்சை முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தாளாம்; எடுத்த பிறகுதான் நினைவு வந்ததாம்.

உங்கள் மரண அறிவித்தல் குறை சொல்ல முடியாமல் வந்திருந்தது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி என்று முதல் வரி. பிறகு வழக்கம்போல இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும் என்று உறவுகள் வரிசையாக. அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் மகன் ரமணன் கனடாவிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வாசுகி, நோட்டீஸில உம்மட பேரும் போடவோ?"

"தேவையில்லை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. ஆனால் சரியான பதில்தானே? எங்கள் விவாகரத்துத் தீர்ப்பாகிப் பன்னிரண்டு வருடம். மருமகள் என்ற இடத்தில் அவருடைய இப்போதைய மனைவியின் பெயர் வருவதுதான் முறை. பத்திரிகையில் பார்த்தபோது மட்டும் அந்த ஒரு வரியை ஏன் இரண்டு தரம் வாசித்தேன் என்று தெரியவில்லை.

நாளைக்கு உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீதிபதியாக இருந்த காலத்தில் நீங்கள் அதிகம் கேட்டது குடும்ப வழக்குகள். பிரிந்துபோன தாய் தகப்பன் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். பிள்ளையோ கிழமைக்கு ஒருதரம் இவரிடமிருந்து அவரிடம் போக வேண்டும். எங்கே வைத்துக் கையளிப்பது? பொது இடம் என்று பொலிஸ் நிலையத்தைக் கட்டளையில் எழுதுவார்கள். நீங்களும் எழுதியவர்தான். ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஏதோ அலுவலாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, விலங்கு போட்ட ஒருவனுக்குப் பக்கத்தில், அதே வாங்கில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை இருந்ததைக் கண்டீர்கள். பையின் மேலே பழஞ்சேலைத் துணியில் தைத்த ஒரு பொம்மை. என்னிடம் அதைச் சொன்னபோது உங்கள் குரல் தீர்ப்பு வாசிக்கும் குரலாகத்தான் இருந்தது. "அந்தக் கட்டளையில கிடந்தது என்ர கையெழுத்து, வாசுகி."

ஓய்வுபெற்றுத் திருகோணமலைக்குத் திரும்பியதும், துறைமுகப் பக்கம் இருக்கும் இந்த வீட்டை அதற்குத் திறந்துவிட்டீர்கள். வீட்டுக்கு இரண்டு வாசல், இரண்டிலும் படலைக் கதவு. முன் படலை தெருவுக்கு, பின் படலை துறைமுகத்தைப் பார்க்கும் ஒழுங்கைக்கு. தாய் முன்னால் வந்து விறாந்தையில் இருப்பார். தகப்பன் பின்னால் வந்து குசினியில் இருப்பார். நடுவில் ஒரு நடை. அந்த நடையைப் பிள்ளை தனியாக நடந்து கடக்கும். உங்கள் சட்டங்கள் இரண்டுதான். பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. அது தானாக வரும். பிள்ளை எதையும் சுமக்கக் கூடாது.

இரண்டாவது சட்டத்துக்காகத்தான் நடையின் நடுவில் அந்தத் தேக்கு அலுமாரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னக் கதவோடு ஒரு தட்டு, தட்டில் பெயர். இரண்டு உடுப்பு, சீப்பு, பல் தூரிகை, ஒரு விளையாட்டுச் சாமான். "பயணம் போற ஆள் மாதிரிப் பிள்ளை பை தூக்கப்படாது. அது ரெண்டு வீட்டிலயும் விருந்தாளி இல்லை" என்பீர்கள்.

எனக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் பொருளியல் படிப்பிக்கிறவள் நான். ஒரு காரியத்தால் என்ன பயன் என்று கேட்டே பழகியவள். ஒருநாள் கேட்டும் விட்டேன்: இங்கே வந்துபோன பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அளந்தீர்களா?

"அளக்கத்தானே நீர் இருக்கிறீர். எனக்குப் படலையைத் திறக்கத்தான் ஏலும்."

தோற்றதும் உண்டு. நடையில் குந்திக்கொண்டு, இரண்டு பக்கமும் போகமாட்டேன் என்று மத்தியானம் வரை இருந்த பிள்ளையை நானே கண்டேன். நீங்கள் ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டுப் பேப்பர் வாசித்தீர்கள். மூன்று மாதம் வந்து பிறகு வராமலே போன தகப்பனும் இருந்தார். அந்தப் பிள்ளையின் தட்டை நீங்கள் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் என்னுடைய கதையும் வர வேண்டும். நானும் ரமணனும் பிரிந்தபோது நிலானிக்கு ஏழு வயது. அவர் அப்போது கொழும்பில். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் வைத்துப் பிள்ளையைக் கொடுப்பேன், ஞாயிறு பின்னேரம் வாங்குவேன். முதுகில் பை, கழுத்தில் தண்ணீர்ப் போத்தல். ஒருநாள் போத்தல் திரும்பி வரவில்லை. மூடியில் முயல் படம் போட்ட நீலப் போத்தல். நான்தான் பேருந்து நிலைய வாங்கில் மறந்துவிட்டேன் என்றார் அவர். அவர்தான் பஸ்ஸில் தொலைத்தார் என்றேன் நான். படித்த மனிதர்கள் இரண்டு பேர் அதைச் சட்டத்தரணிகள் மூலம் எழுதினோம், மாமி. பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதவர் என்பதற்கு ஆதாரமாக ஒரு முயல் போத்தல். அனுப்பிய அன்று காலையில், லீவில் ஊருக்கு வந்திருந்த நீங்களும் பேத்தியை வழியனுப்ப அங்கே வந்து நின்றீர்கள். எங்கள் வழக்கு உங்கள் மன்றில் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு சொல் சொல்லவில்லை. மகன் பக்கம் நிற்கிறீர்கள் என்றே நான் நினைத்தேன். வெகுகாலம் நினைத்தேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ரமணன் வந்தார். அன்றைக்கே, பிள்ளைகளின் விடயங்களைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தரும் வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இனி இந்த வீட்டுக்கு ஆர் பொறுப்பு? மாதம் முடியிறதுக்குள்ள ஒரு பேர் தாங்கோ மிஸ். இல்லாட்டிப் பழையபடி பொலிஸிலதான் குடுக்கச் சொல்லவேணும்."

நான் ரமணனைப் பார்த்தேன். அவர் வாழையிலையைப் பார்த்தார். வீட்டை விருந்தினர் விடுதிக்கு விட நிலாவெளியில் ஒருவரோடு பேசி முடித்துவிட்டார் என்று பிறகு சொன்னார். அவருடைய வீடு. நான் யார், வேண்டாம் என்று சொல்ல? அறிவித்தலில்கூட இல்லாதவள். "உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு, சாமான் கட்ட உதவி செய்ய மட்டும் ஒத்துக்கொண்டேன்.

கட்டிக்கொண்டிருந்தது சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு முன் படலை திறந்தது. அன்புவழிபுரத்திலிருந்து தையல்கடைச் சுகந்தி, அவள் கையைப் பிடித்தபடி மகள் தர்சிகா. நான் ஓடிப்போனேன்.

"தங்கச்சி, ஒருத்தரும் சொல்லேல்லையோ? ஜட்ஜ் அம்மா..."

"தெரியும் மிஸ். செத்தவீட்டுக்கும் வந்தனான். முப்பத்தொண்டு முடியட்டும் எண்டுதான் இவ்வளவு நாளும் வரேல்லை." சுகந்தி செருப்பைக் கழற்றினாள். "ஆனா இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ."

அவள் விறாந்தையில் தன் வழக்கமான கதிரையில் இருந்துவிட்டாள். அதே நேரம் குசினியிலிருந்து ரமணன் கூப்பிட்டார்.

"வாசுகி! பின்னால ஒருத்தர் மீனோட நிக்கிறார்."

சல்லிக் கிராமத்திலிருந்து தர்சிகாவின் அப்பா. தலை ஈரம், சட்டையில் புது மடிப்பு, கையில் பொலித்தீன் பையில் இரண்டு விளைமீன்.

"அம்மாக்கு எண்டு ஒவ்வொரு கிழமையும் கொண்டு வாறனான், ஐயா. இண்டைக்கும் பழக்கத்தில..." அவர் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "ஒருநாளும் வாங்கினதில்லை. 'என்ன, லஞ்சமோ?' எண்டு கேப்பா."

"பென்சன் எடுத்த பிறகுமோ?" என்றார் ரமணன்.

"பென்சன் எடுத்த ஜட்ஜுக்கும் லஞ்சம் லஞ்சம்தானாம்."

ரமணன் சிரித்தார். உங்கள் சாவுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். பிறகு கையில் பாதி சுற்றிய பீங்கானோடு என்னிடம் கேட்டார்: "நான் இப்ப என்ன செய்ய?"

"கதிரையைக் குடுங்கோ. பிள்ளையைக் கூப்பிட மட்டும் விடாதேங்கோ."

தர்சிகா நடையில் இறங்கினாள். வெறுங்கை. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. அலுமாரியடியில் நின்று தன் தட்டைத் திறந்து, சீப்பு இருக்கிறதா, நாய்க்குட்டிப் பொம்மை இருக்கிறதா என்று பார்த்து, திருப்தியாகச் சாத்தினாள். பிறகு எட்டாத உயரத்தில் இருந்த மேல் தட்டைக் காட்டினாள்.

"அதையும் கட்டப் போறீங்களோ? அது ஒரு பெரிய அக்காவின்ர. ஜட்ஜ் அம்மா சொன்னவா, அவதான் முதலாவது ஆளாம். அவ வளந்திட்டாவாம், எண்டாலும் எடுக்கேலாதாம்."

அந்தத் தட்டில் பெயர் இல்லை. பழைய பைல்கள் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ரமணன் வந்து எட்டித் திறந்தார். உள்ளே ஒரு துவாயில் சுற்றி, நீலப் போத்தல். மூடியில் முயல். அடியில் பிளாஸ்டரில் என் கையெழுத்தில் 'நிலானி'.

மாமி, அன்று அந்த வாங்கிலிருந்து அதை எடுத்தவர் நீங்கள். ஏன் தரவில்லை? தந்திருந்தால் அது ஒரு சாட்சிப் பொருளாகியிருக்கும், இல்லையா? யார் வென்றது என்றுதான் நாங்கள் இருவரும் கேட்டிருப்போம். பிள்ளைக்குத் தாகம் எடுத்ததா என்று எங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டோம். பொலிஸ் நிலையத்துப் பிள்ளையைக் கண்டு இந்த வீட்டைத் திறந்ததாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னே ஒரு பிள்ளை பையும் போத்தலுமாக உங்கள் கண் முன்னால் நின்றிருக்கிறது. ஒன்பது வருடச் சனிக்கிழமைகளில் ஒன்றில்கூட நீங்கள் அதை எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்றா?

"ஆருடையது?" என்றாள் தர்சிகா.

"எங்கட மகளின்ர" என்றார் ரமணன்.

எங்கட. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம்.

"அப்ப ஏன் விட்டிட்டுப் போனவ?"

ரமணன் போத்தலைத் திருப்பிப் பார்த்தபடி, "நீர்தான் வாங்கில மறந்தனீர்" என்றார்.

"ஓம். நான்தான்" என்றேன்.

பதினைந்து வருடம் பிந்திய வாக்குமூலம். குசினிப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. கூப்பிடக் கூடாது என்ற சட்டத்தை மீறாமல் தர்சிகாவின் அப்பா இருமிக்கொண்டிருந்தார். இருமலுக்குச் சட்டம் இல்லை. அவள் எங்களை விட்டுவிட்டு ஓடினாள். பின் படலையடியில் மான் நின்றதால் அவர்கள் போக இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. விறாந்தையில் சுகந்தி எழும்பாமல், படலை சாத்தும் சத்தம் கேட்கும்வரை இருந்தாள்.

நிலாவெளிக்காரருடன் ரமணன் பேசிவிட்டார். ஒரு வருடத்துக்கு வீடு இப்படியே இருக்கும் என்கிறார். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான். அதற்கு மேல் நான் எதையும் நம்பி வைக்கவில்லை. போகும்போது போத்தலை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். தட்டிலேயே இருக்கட்டும் என்றேன். நிலானி வந்து பார்க்கட்டும். இரண்டு படலையின் சாவியையும் என் கையில் தந்தார்.

நேற்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போனேன். ஒரு படிவம் தந்தார். வீட்டுக்குப் பொறுப்பாக இருப்பவரின் பெயர், முகவரி, தொழில். எல்லாம் இலகுவாக எழுதினேன். அடுத்தது, 'காலமானவருக்கு என்ன உறவு' என்று ஒரு கோடு.

"எழுதுங்கோ மிஸ்" என்றார் அவர். "ஒண்டும் இல்லையெண்டா, அயலவர் எண்டாலும் போடலாம்."

சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. நீங்கள் அங்கே இருந்திருந்தால் கண்ணாடிக்கு மேலால் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்தார், முத்திரை குத்தினார்.

இன்றைக்கு வெள்ளி. சீப்புகளைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். உங்களைப் போல எனக்குப் பேசாமல் இருக்க வராது. என்ன பயன் என்ற கேள்வியும் என்னை விட்டுப் போகாது. ஆனால் நாளைக்கு ஒன்பது மணிக்கு முன் படலையையும் திறப்பேன், பின் படலையையும் திறப்பேன். நடுவில் வரும் பிள்ளையை நான் கூப்பிட மாட்டேன், மாமி.

படிவத்தில் எழுதியபடியே,
உங்கள் மருமகள்
வாசுகி