நீ படிக்காமல் விட்ட சொல்

கண்ணான பாக்கியம்,

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது. 'ழ' வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் திரும்ப எடுக்கிறேன். ஆமாம், எழுதுவது நான்தான். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நீ போய் இரண்டு வருடம் கழித்து, எழுபத்து நாலு வயதில், உன் வீட்டுக்காரன் எழுத்துப் படித்துவிட்டான்.

சிரிக்காதே. ஏன் படித்தேன் என்று தெரிந்தால் இன்னும் சிரிப்பாய். பொறாமையில் படித்தேன்.

உன் புத்தகத்தைச் சொல்கிறேன். அட்டை கிழிந்து, நூல் போட்டு நீயே தைத்து வைத்திருந்தாயே, அந்தப் பக்திப் புத்தகம். பள்ளி விடுமுறை வந்தால் கோயில் சங்கத்துப் பஸ்ஸில் எங்காவது போவோம். ஒரு வருடம் மலாக்கா, ஒரு வருடம் ஈப்போ குகைக் கோயில், பல வருடம் நம் தீவிலிருந்து பாலம் தாண்டிக் கெடாவில், இடிந்த பழங்கோயில்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு. எங்கும் போக முடியாத வருடத்தில் டவுனில் கடலோரக் கோட்டை. மற்றவர்கள் பீரங்கி மேல் ஏறிப் படம் எடுப்பார்கள். நீ ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்து பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுப்பாய்.

இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிப்பாய். பிறகு கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாய். அந்தப் பத்து நிமிடமும் நான் பக்கத்தில் சுடுதண்ணிப் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்திருப்பேன். வீட்டில் என்னைப் பார்க்கும்போது அந்த முகம் அப்படி இருந்ததில்லை. எங்கே போயிருந்தாய்? என்னை ஏன் கூட்டிப் போகவில்லை?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. படிக்கும்போது நீ சில இடத்தில் ஒரு சொல்லை விழுங்குவாய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குரல் நிற்கும், மூச்சு ஒன்று போகும், பிறகு அடுத்த சொல்லில் தொடங்கும். ஒரே பக்கத்தில் நாலைந்து முறை. எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர காது உண்டு. கிட்டங்கியில் மூட்டை எண்ணியவன் நான். ஒரு மூட்டை குறைந்தால் எனக்குத் தெரியும்.

பூஜாங்கில், அந்த இடிந்த கோயிலின் அடிக்கல் மேல் உட்கார்ந்து நீ படித்த வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. "...வராத வரை வீடு கிடைக்காது."

"யாரு வராத வரைக்கும்?" என்று கேட்டேன்.

"பேசாம கேளுங்க."

"இல்ல, வீடு கிடைக்காதுன்னு போட்டிருக்கே. யாரு வரணுமாம்? ஆபீசரா?"

நாம் அப்போது ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். சாமிப் புத்தகத்தில்கூட அதே பிரச்சனைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாமிநாதன், நம் தபால் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் பாக்கியம், முப்பது வருடம் என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் நீ விட்ட சொல் அவருக்குத் தெரிந்துவிடும். உனக்கும் அவருக்கும் தெரிந்த ஒரு சொல், எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டாய். படித்தவர்களுக்கு மட்டும் உரியது, கைநாட்டுக்கு எதற்கு என்று நீ ஒளிக்கிறாய் என்றே நினைத்தேன். பஸ்ஸில் அவர் ஏறினாலே எனக்கு வயிறு எரியும். உனக்குச் சன்னலோரம் கொடுத்து, நடுவில் நான் உட்கார்ந்து, அவரை அடுத்த வரிசைக்குத் தள்ளியது எல்லாம் அதனால்தான். உனக்குக் காற்று வரட்டும் என்று சொன்னது பொய்.

நீ போன பிறகு அலமாரியில் அந்தப் புத்தகம் கிடந்தது. தொடவே பிடிக்கவில்லை. சக்களத்தி மாதிரி அங்கே உட்கார்ந்திருந்தது. ஒருநாள் முடிவு செய்தேன். அந்தச் சொல் என்ன என்று பார்க்காமல் நான் சாகமாட்டேன்.

நம் அடுக்குமாடியின் கீழே இருக்கும் மண்டபத்தில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் ஞாயிறு காலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். நாலு பெண்கள், நான் ஒருவன். லெட்சுமி அக்கா எனக்கு முன்னால் உயிர்மெய் வரிசையை முடித்துவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குணம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

முதல் வகுப்பில் டீச்சர், அவரவர் பெயரை எழுதுவோம் என்றார். என்னிடம் வந்ததும் சிரித்தார்.

"உங்க பேருதான் அண்ணே கஷ்டம். ஞாவுல ஆரம்பிக்குது."

"பேரு ஞானம், ஆளு கைநாட்டு. அதைவிடவா கஷ்டம் டீச்சர்?"

மூன்று எழுத்து. ஞா, ன, ம். அந்த 'ஞா' கைக்கு வர ஒரு மாதம் ஆனது. ஆனால் அதுதான் நான் கண்டவுடன் அடையாளம் தெரிந்துகொண்ட முதல் சொல். எங்கே பார்த்தாலும் அதையே தேடினேன். தண்ணீர்மலைக் கோயில் பலகையில் தேடினேன், டவுனில் நகைக்கடைப் பலகையில் தேடினேன், அரிசிப் பையில்கூடத் தேடினேன்.

பிறகு பயந்துகொண்டே உன் புத்தகத்தைத் திறந்தேன். நீ பூஜாங்கில் பொறுக்கிய இலை ஒன்று காய்ந்து கிடந்த பக்கம். எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் படிக்க முடிந்தது.

ஞானம்.

அடுத்த வரியிலும் ஞானம். கீழே ஞானம். அந்தப் பக்கத்தில் மட்டும் ஏழு இடம். யாரோ என்னைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். மற்றச் சொற்களைக் கூட்டிப் படிக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது. ஒருநாள் அந்த வரியை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'ஞானம் வராத வரை வீடு கிடைக்காது.'

நாற்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தினோம். ஒருநாள்கூட நீ என் பெயரைச் சொன்னதில்லை. "என்னங்க", "இந்தாங்க", கோபம் வந்தால் "இங்க ஒருத்தர் இருக்காரு". கிளினிக்கில் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று தாதி கேட்டால் என் பெயர் போட்ட ஐசி அட்டையை எடுத்து அவள் முன்னால் நீட்டுவாய். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று உன் அம்மா சொன்னது எனக்குத் தெரியும். புத்தகத்தில் வந்தால்கூடச் சொல்லமாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுதியவர் என்னைச் சொல்லவில்லையே. அறிவைத்தானே சொன்னார். 'இங்கே வீடு என்றால் மோட்சம்' என்று டீச்சர் பிறகு சொன்னார். எனக்கு நம் வீட்டு மனுதான் ஞாபகம் வந்தது.

அந்தச் சொல்லை விட்டுவிட்டு நீ எப்படிச் சாமி கும்பிட்டாய் பாக்கியம்? ஞானத்தைக் கொடு என்று கேட்க வாய் வராதே. ஐசியை நீட்டினாயா?

போன மாத விடுமுறையில் சங்கத்துப் பஸ்ஸில் திரும்பப் பூஜாங் போனேன். கிராணிக்கு எண்பது தாண்டிவிட்டது, கைத்தடியோடு வந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவருக்கே ஆச்சரியம். அங்கே எல்லாம் நீ பார்த்தபடியேதான் இருக்கிறது. கூரை இல்லை, உள்ளே சாமி இல்லை, அடிக்கல் மட்டும். கல்லுக்கு முன்னால் பலகை மலாயிலும் இங்கிலீஷிலும். அதை இன்னும் அவர்தான் படிக்கிறார். எனக்கு அடுத்த பொறாமை தயார்.

நீ உட்கார்ந்த கல்லில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்து அந்த வரியைப் படித்தேன். என் பெயரை நன்றாகச் சத்தமாகவே படித்தேன். கிராணி அதே மாதிரி குலுங்கினார்.

"எதுக்கு அண்ணே சிரிக்கிறீங்க?"

"முப்பது வருஷமா ஓட்டையா கேட்ட வரி, ஞானம். இன்னிக்குத்தான் அடைச்சிருக்க."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"பஸ்ஸுக்கே தெரியும்லா. உனக்கு மட்டும்தான் தெரியாது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நேரா போயி தங்கச்சிகிட்ட கேப்ப. அது வெக்கப்பட்டுப் புத்தகத்தை மூடிடும். அப்புறம் நாங்க எதைக் கேக்கறது? அது அந்த இடத்துல மூச்சு நிறுத்தும் பாரு, அதைக் கேக்கத்தானே நான் பக்கத்துல வந்து உக்காருவேன்."

இதைக் கேட்டு மனம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறாயா? புத்தகத்தின் மேல் இருந்த பொறாமை போய்விட்டது, உண்மைதான். அதுவும் சேர்ந்து இப்போது கிராணி மேல் நிற்கிறது. அந்த மூச்சு எனக்காக வந்தது. முப்பது வருடம் அதை ரசித்துக் கேட்டது அவரும் பஸ்ஸில் இருந்த மற்றவர்களும். நான் மட்டும் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொருவர் மேலும் பொறாமை இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். நீ கண்ணை மூடித் தேடிய அந்த இன்னொரு ஞானம். என் பெயரை வைத்துக்கொண்டு உன்னைப் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டிப் போனது அதுதான். நானும் அங்கே கண்ணை மூடிப் பார்த்தேன். ஓடையில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. காலில் கொசு கடித்தது. வேறு ஒன்றும் வரவில்லை. உனக்கு வந்ததா? வந்திருந்தால் அது எப்படி இருந்தது?

கிராணி, "இன்னொரு தடவ படி ஞானம்" என்றார். படித்தேன். இந்த முறை அந்தச் சொல்லுக்கு முன்னால், ஏன் என்று தெரியாமல், நின்றுவிட்டேன். உன் மாதிரியே ஒரு மூச்சு. அந்த இடைவெளியில் நீ இருந்தாய் என்று சொல்லமாட்டேன், எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் தெரியாது. ஆனால் அதை வேறு யாரும் நிரப்ப எனக்குப் பிடிக்கவில்லை. நானே நிரப்பவும் பிடிக்கவில்லை. கிராணி இந்த முறை சிரிக்கவில்லை. கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் இந்தக் கடிதத்தைக் கோயில் மலரில் போடலாமா என்று கேட்கிறார். போடட்டும். லெட்சுமி அக்காவும் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். இதை எழுதியவன் யார் வீட்டுக்காரன் என்று ஊருக்குத் தெரியட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு மலாக்கா, அதற்கடுத்து ஈப்போ, கால் முடியாமல் போனால் கடலோரக் கோட்டை. நாம் போன ஒவ்வோர் இடத்திலும் உன் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பேன், கடைசிப் பக்கம் வரை. அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் நிறுத்திக் காத்திருப்பேன். ஒரு தடவையாவது நீ சொல்லிவிடு. உன் அம்மா காதில் விழாது. அவசரமும் இல்லை. நான் மெதுவாகத்தான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
ஞானம்
(இது கைநாட்டு இல்லை, கையெழுத்து)