பழைய காருக்கு ஒரு கேஸ்கெட்

அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் ஒர்க்‌ஷாப்புக்கு உன் வயதில் ஒரு கார் வந்தது. இன்ஜினில் தண்ணீர் பம்பு ஒழுகாமல் இருக்க அதன் அடியில் வைக்கும் தாள், கேஸ்கெட், கிழிந்து ஒழுகியது. புதியது எந்தக் கடையிலும் இல்லை. நானே வெட்டிப் போடுகிறேன் என்றேன்.

"இன்ஜினையே மாத்திடலாம். உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்றார் ஃபோர்மேன்.

வீம்புதான். நீ அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் விரித்து வெட்டுவாயே, அப்படியே கிழிந்ததைத் தடித்த கேஸ்கெட் தாள்மேல் வைத்து வெட்டினேன். விரலில் சின்னக் கீறல், அவ்வளவுதான். பம்பு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"எந்தக் கடையில கெடச்சுது?" என்றார்.

"எங்கம்மா தையல் கடையில."

உன் பழைய கத்தரிக்கோலை அனுப்பு. இரண்டு ஜாக்கெட்டும் தைத்து அனுப்பு. அங்கிருக்கும் என் அளவு ஜாக்கெட்டைவிட ஓர் அங்குலம் பிடித்துத் தை. ஏன் என்று கேட்காதே.

இன்னொரு பழைய கார் வந்திருக்கிறது. ஃபோர்மேன் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

உன் வீம்புக்காரி