பாகத்தால் அளந்த பத்தடி

இஞ்சாருங்கோ,

தேசிய கூடைப்பந்து லீக்கின் முதல் ஆட்டத்திலேயே படுதோல்வி. நான் பழக்கிய எங்கள் கழகப் பிள்ளைகள் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு எட்டாமலே விழுந்தன.

"வளையம் உயரமாக் கிடக்கு" என்று நடுவரோடு சண்டைக்குப் போனேன். அவர் நாடா பிடித்துக் காட்டினார். சரியாகப் பத்தடி.

அப்படியென்றால் உயரம் குறைந்தது எங்கள் வளையம்தான். கூடைப்பந்துக் கம்பம் வாங்கக் கழகத்துக்கு வக்கில்லை என்று, கோயில் வளவில் பழைய பாய்மரத்தை நட்டது நீங்கள். வலைக்கயிறு அளக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து, ஒரு விரிப்பு ஆறடி என்று பாகக் கணக்கில் அளந்தீர்கள். ஒருநாளும் அளவு பிழைக்காத கை.

விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் அன்ரோனெற் மெல்லச் சொன்னாள்: "அக்கா, அண்ணைக்கு வலக்கை முழுசா விரியாதெல்லோ. பந்து எடுத்துத் தரேக்கையும் இடக்கையாலதான் தாறவர்."

விளையாட வருகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. வள்ளத்தில் அடிபட்ட கை எப்போதோ சுகம் என்று எனக்கல்லவா சொன்னீர்கள்!

தோற்றது போகட்டும். அந்தக் கையோடா தனியப் போய் வலை இழுக்கிறீர்கள்?

மிச்ச ஆட்டங்கள் முடியாமல் நான் வர முடியாது. ஊருக்கு வரும் பாதரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கம்பத்தைப் பிறகு உயர்த்தலாம். நான் வரும்வரை வள்ளத்தை இறக்காதேங்கோ.

உங்கள் மனுசி