கூடை இல்லாமல் நடக்கிறவள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மார்பில் ஆப்பரேஷன் செய்த பிறகு, தினமும் நட, இடது கையைச் சுவரில் வைத்து மெல்ல மெல்ல நகர்த்தி உயர்த்து என்று சொன்னது கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி. அதனால்தான் சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டிலிருந்து கோயில் வரை நடக்கிறேன். ஆனால் ஒரு பொம்பளை கூடை இல்லாமல் குடையோடு ரோட்டில் போனால் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பொறுக்காது.

இன்று நடந்து போகிற வழியில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லாப் பெண்களும் நிற்கும்போது கணக்கப்பிள்ளை கேட்டான்.

"ஊரு சுத்தத் தெம்பு இருக்குதுல்ல? அப்ப நாளைக்கு வேலைக்கு வந்து பேர் போடு. நோவுன்னா லயத்துல படுத்துக் கெட."

பக்கத்து வீட்டுச் செல்வி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு என்னோடு துணைக்கு வந்தவள், அவளும் சிரித்தாள்.

"படுத்துக் கெடக்கவா ஒடம்ப அறுத்துக்கிட்டு வந்தேன்? மிஸ்ஸி நடக்கச் சொன்னாங்க, நடக்குறேன். ஒனக்கு ஆள் பத்தலன்னா நீயே மலையேறிக் கொழுந்தெடு!" என்று மேலே மலையைக் காட்டிக் கத்தினேன். இத்தனை வருஷம் நீங்க என்று பேசிய ஆளை நீ என்றேன். வருத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து சுவரில் கையை வைத்தபோதுதான் உறைத்தது. அவனிடம் கத்தும்போது வலது கையில் குடை இருந்தது. மலையைக் காட்டியது இடது கை. ஒரு மாதமாகத் தோளைத் தாண்டாத கை, தலைக்கு மேலே போயிருக்கிறது.

இப்போது சுவரில் வைத்தால் மறுபடியும் தோளோடு நிற்கிறது, சனியன்.

நாளைக்கும் அதே வழியாகத்தான் போவேன். அவன் அங்கே நிற்கட்டும்.