எதுக்குன்னு கேட்டவளுக்கு

அன்பு வாலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் சொன்ன குரல் சரியில்லை, அதனால் அதை நான் நம்புவதாக இல்லை. இதையும் போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா குறுக்கே பேசுகிறார், என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே மறந்துபோகிறது. கடிதத்தில் அவரால் குறுக்கே புக முடியாது. அவரோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த நண்பர் தன் மகனைப் பார்க்க உன் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதையும் கம்பளிக் காலுறைகளையும் கொடுத்தனுப்புகிறேன், காலுறையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். பக்கத்து வீட்டு டீச்சர் மாடியில் அறை கட்டுகிறார், பகல் முழுக்க ஒரே இடி. நம் குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஊரான் வீட்டுப் பூட்டையெல்லாம் திறக்கத் தெரியுது, சொந்த வீட்டுக் குழாயை மூடத் தெரியல என்று தினமும் உன் அப்பாவிடம் எனக்குப் பாட்டு நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வக வேலை முடிந்து சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த உன்னைப் போலீஸ்காரர் நிறுத்தி அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார், நீ எதற்கு என்று கேட்டாய், அவர் காரணம் சொல்லவில்லை, நீயும் காட்டவில்லை, ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். வேலையைச் செய்யவிடாமல் தடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டால் இத்தோடு விட்டுவிடுவோம் என்கிறார்கள், போடாவிட்டால் விசாரணை, அது முடியும்வரை நீ அந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கமாட்டார்கள், கடைசியில் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீயா இருந்தா என்னம்மா செஞ்சிருப்ப என்று கேட்டாய். நான் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் மண்டையைக் குடைகிறது. பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் பயத்தைவிட, இதில் எதுதான் சரி என்று தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக இருக்கிறது. பார்ப்பவர்களையெல்லாம் பிடித்துவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மாட்டியவர் உன் அப்பா. அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் சட்டைப் பையில் அட்டை இருக்கும். காட்டினா என்ன குறைஞ்சிடும், காட்டிட்டு அவ பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாமில்ல என்றார். ஆயுள் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் வேறு எப்படிப் பேசுவார். டிக்கெட் வச்சிருக்கிறவன் பேசாம எடுத்து நீட்டுவான், இல்லாதவன்தான் எங்கிட்ட சட்டம் பேசுவான் என்பது அவர் கட்சி. நான் விடவில்லை. பஸ்ல ஏறினவங்ககிட்டதானே கேட்டீங்க, ரோட்டுல சும்மா நடந்துபோறவங்களை நிறுத்தி டிக்கெட் கேட்டீங்களா என்றேன். மனுஷர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, யாரையாவது தேடிக்கிட்டிருந்தா முகத்தைப் பார்த்து அந்தப் போலீஸ்காரனுக்கு எப்படித் தெரியும், அவனும் வேலை பார்க்கணுமில்ல என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு உன் சித்தியைக் கேட்டேன். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள், பாதி வக்கீல் என்று நினைப்பு. அது இடத்துக்கு இடம் மாறும்க்கா, சில இடத்துல கேட்டாலே காட்டணும், சில இடத்துல அவங்க காரணம் சொல்லணும், அவ இருக்கிற ஊர்ல எப்படின்னு அங்கயே கேக்கச் சொல்லு என்றாள். அங்கே காரணம் சொல்லியே ஆகவேண்டும் என்று உங்கள் ஊழியர் சங்கத்து வக்கீல் உன்னிடம் சொன்னதைச் சொன்னேன். அப்ப அவ மேல தப்பே இல்ல, ஆனா நல்லா அலையவிடுவாங்க என்றாள்.

என் பூட்டு ரிப்பேர் தொழிலையும் யோசித்துப் பார்த்தேன். சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களிடம் இது உங்கள் வீடுதானா என்று கேட்காமல் நான் பூட்டில் கை வைப்பதில்லை. அட்டை எங்கே என்றால் எல்லோரும் உள்ளே இருக்கிறது என்பார்கள், பூட்டின வீட்டுக்குள்! அதனால்தான் என் கேள்வி ஒன்று இருக்கிறதே, கதவைத் திறந்ததும் இடது கைப்பக்கம் என்ன இருக்கும் என்று. பதிலை வாங்கிக்கொண்டு திறப்பேன், சொன்னது இருந்தால் உள்ளே விடுவேன். ஒருவர் மாமியார் படம் என்றார், திறந்து பார்த்தால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. ஆனால் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்வேன், நாளைக்கு வேற ஒருத்தர் வந்து உங்க வீட்டைத் திறக்கச் சொன்னாலும் அவரையும் இப்படித்தான் கேப்பேன் என்று. அதைச் சொன்னபிறகு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் புரியும்.

போன வாரம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வேலைக்குப் போனேன். கூப்பிட்ட அம்மா இன்னும் வந்து சேரவில்லை. சும்மா நிற்க என்னால் முடியுமா, நான் மனுஷர் முகத்தைப் பார்க்கிறவள் இல்லை, கதவைத்தான் பார்ப்பேன், அந்தக் கட்டடம் முழுக்கப் புது மாதிரிப் பூட்டு. உள்ளே எப்படி இருக்கும் என்று டார்ச்சை அடித்து, வரிசையாக ஒவ்வொரு கதவிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போகிறேன், பின்னால் பூட்ஸ் சத்தம். அட்டையைக் காட்டும்மா என்றார் ஒரு போலீஸ்காரர். என் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. அப்போது உன் ஞாபகம் வந்தது, கை அப்படியே நின்றது. எதுக்கு தம்பி என்று கேட்டேன். சண்டைக்கு இல்லை, என்னதான் சொல்வார் என்று பார்க்கத்தான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு, யாரோ ஒரு பொம்பளை டார்ச் அடிச்சு ஒவ்வொரு பூட்டா பாக்கறாங்கன்னு மேல் வீட்டிலேருந்து போன் வந்துச்சும்மா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தக் கோலத்தில் பார்த்தால் நானே போன் போட்டிருப்பேன். உடனே அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், கூடவே தன் வீட்டுப் பீரோ பூட்டு சிக்கிக்கொள்கிறது, வந்து பார்ப்பீர்களா என்றார். வரேன், உங்க வீட்டுக் கதவைத் திறந்ததும் இடது கைப்பக்கம் என்ன இருக்கும் என்று அவரையும் கேட்டுவைத்தேன்.

வீட்டுக்கு நடந்துவரும்போது உனக்கான பதில் கிடைத்துவிட்டது. பூட்டில் கை வைக்குமுன் நானும் ஒரு வரி காரணம் சொல்கிறேன், அந்தப் போலீஸ்காரரும் எனக்குச் சொன்னார், உனக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான் கேட்டது சுலபம், என் முகம் இங்கே பழகிய முகம், என் தலைமுடியும் நரைத்துவிட்டது. நீ தெரியாத ஊரில், தனியாக நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாய். நானாக இருந்தால் கேட்டிருப்பேனா என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் கேட்டது தப்பு என்று கையெழுத்து மட்டும் போட்டிருக்கமாட்டேன். நீயும் போடாதே. இனிமேலும் நிறுத்துவார்கள், காரணம் சொன்னால் காட்டிவிடு, அவர்களுக்கும் வேலை இருக்கிறது. எதுவும் சொல்லாமல் மிரட்டுகிற ஆளாக இருந்து, உனக்குப் பயமாகவும் இருந்தால், காட்டிவிட்டு வந்து மறுநாள் வக்கீலோடு போய்க் கேள், அதற்காக அம்மா உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன். எதுவானாலும் அட்டை கையில் இருக்கட்டும், அது கையில் இருந்தால்தான் எதற்கு என்று கேட்கத் தெம்பு வரும். இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். திருப்பி அனுப்பிட்டா என்ன பண்ணுவா என்று கேட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்து போட வேணாம்னு நானும் சொன்னேன்னு எழுது என்றார். பார், கடிதத்திலும் குறுக்கே புகுந்துவிட்டார்.

நீ எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, தலை நிமிர்ந்து நடமாட வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு. விசாரணைக்குப் போகும்போது தனியாகப் போகாதே, வக்கீலைக் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், நேரே இங்கே வா. நம் வீட்டுக் கதவைத் திறந்ததும் இடது கைப்பக்க ஆணியில் உன் மஞ்சள் மழைக்கோட்டுதான் இன்னும் தொங்குகிறது, அதை நாங்கள் எடுக்கவே இல்லை.

உன்னிடம் எந்த அட்டையும் கேட்காத,
அம்மா