தீராத வயிற்றுவலி

திருப்பரங்குன்றம்
3.2.2025

அன்பு மகள் கனகலட்சுமிக்கு,

உன் சித்தப்பா ஜெயபாண்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் காதுதான் போய்விட்டது. போனில் நீ கத்துவதும் நான் "என்ன, என்ன" என்பதும் எதற்கு என்றுதான் கடிதம்.

சோழவந்தான் நிருபராக நான் எழுதிய செய்திகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். கத்தரித்து வைத்ததையெல்லாம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். சாதாரணச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்துப் பத்திரிகையில் அது எப்படிப் புழங்கியது என்று அணிந்துரை எழுதித் தா. விழாவிலும் நீ பேச வேண்டும். மார்ச் ஒன்பதாம் தேதி, காளவாசலில் சிவனாண்டியின் மண்டபம். நம் பழைய மாப்பிள்ளைதான், மண்டபத்தைச் சும்மா தருகிறார். பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே, தாயி.

உன் சித்தப்பா,
ஜெயபாண்டி


மதுரை
12.2.2025

அன்புள்ள சித்தப்பா,

பார்சல் வந்தது. தும்மித் தும்மிப் படித்தேன். உங்கள் கையெழுத்து போல உங்கள் தமிழும் அழகுதான்.

சொல் கிடைத்துவிட்டது: வயிற்றுவலி. "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்ட பெண் தற்கொலை." உங்கள் செய்திகளில் ஆண்கள் கடன் தொல்லையால் சாகிறார்கள், விரக்தியால் சாகிறார்கள். வயிற்றுவலி மட்டும் கல்யாணமான பெண்களுக்கே வருகிறது, அதுவும் புகுந்த வீட்டில் இருக்கும்போது. எந்தச் செய்தியிலும் ஒரு டாக்டர் பெயர் இல்லை.

1989இல் ஒரு செய்தி. "சிவனாண்டி மனைவி பாண்டிமீனா (23)." என் அக்காவுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். குளிப்பாட்டும்போது அவள் முதுகை அம்மாவும் நானும் பார்த்தோம். வரிவரியாகத் தடித்துக் கிடந்தது. அப்போது வாசலில் நீங்கள்தான் நின்றீர்கள்.

யார் சொல்லி எழுதினீர்கள்?

கனகலட்சுமி


திருப்பரங்குன்றம்
18.2.2025

அன்பு மகளே,

கோபப்படுகிறாய். ஏஜென்டும் நானே, நிருபரும் நானே. காலையில் பேப்பர் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன், அங்கே ரைட்டர் வாசிப்பதை எழுதிக்கொள்வேன். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

ஆனால் பாண்டிமீனா செய்தியை ரைட்டர் சொல்லி எழுதவில்லை. உன் அப்பாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "டேய் பாண்டி, மூத்தவ போய்ட்டா. இளையவளுக்கு ஒரு மாப்ள வரணும்ல? கேசு கோர்ட்டுன்னு போனா எவன்டா வருவான்? வயித்துவலின்னு போட்ருடா" என்றார். போட்டேன். அடுத்த தையில் உனக்குக் கல்யாணம் நடந்தது. அந்தச் சொல்தான் உன்னை வாழ வைத்தது, அதைத் திட்டாதே.

வேறு சொல் எடுத்துக்கொள். "பரபரப்பு" என்ற சொல் நன்றாக இருக்கும்.

ஜெயபாண்டி


மதுரை
24.2.2025

சித்தப்பா,

படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அப்பா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு கடிதம் போட்டிருப்பேன்.

எனக்கு மாப்பிள்ளை வந்தார், வாஸ்தவம். அக்கா வயிற்றுவலியில் செத்தாள் என்று நம்பிய வீட்டில் இத்தனை வருஷம் சோறு பொங்கினேன். ஒருநாள்கூட அவள் எப்படிச் செத்தாள் என்று வாய் திறக்க முடியவில்லை. சிவனாண்டி மறுகல்யாணம் செய்தார், மண்டபம் கட்டினார். கல்யாண வீடுகளில் "என்ன கொழுந்தியா, சௌக்கியமா?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். இனி ஆட்ட மாட்டேன். அந்த ஆளை ஊர் காறித் துப்புவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அணிந்துரை எழுதியாயிற்று. அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாக, பெண்களின் பெயரோடு வாசிப்பேன். கடைசியில் அக்காவின் செய்தி, அதற்குப் பிறகு அவள் முதுகு. சிவனாண்டிக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.

கனகலட்சுமி


திருப்பரங்குன்றம்
1.3.2025

கனகலட்சுமிக்கு,

என் மானத்தை வாங்காதே. இந்த வயதில் எனக்கு மிஞ்சியது இந்த ஒரு விழாதான். நீ வர வேண்டாம். உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மேடையில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜெயபாண்டி


மதுரை
5.3.2025

சித்தப்பா,

உடம்புக்கு என்ன என்று கேட்பார்களே, என்ன சொல்வீர்கள்? உங்கள் கை தானாக எழுதிப் பழகிய அதே நோவுதானே?

அந்தச் செய்திகளில் உள்ள பெண்களின் வீடுகளுக்கு அழைப்பிதழ் அனுப்பிவிட்டேன். தேனூரிலிருந்தும் விக்கிரமங்கலத்திலிருந்தும் அம்மாக்களும் தங்கச்சிகளும் வேன் பிடித்து வருகிறார்கள். நீங்கள் மைக்கை நிறுத்தினாலும் அவர்களுக்குத் தொண்டை இருக்கிறது.

உங்களுக்குக் காது கேட்காது. அதனால் என் பேச்சின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவனாண்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரிவரியாகப் படியுங்கள்.

எனக்கு வயிறு நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாரேன்.

பாண்டிமீனாவின் தங்கை,
கனகலட்சுமி